திரும்பி வந்த நோட்டுப் பக்கங்கள்: கடலூர்க் கடலோரத்தில் ஒரு பத்தாம் வகுப்பு, 2020–21

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லையை ஒட்டிய கடலோரக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியராக இருக்கிறேன். கொரோனாவுக்காக 2020 மார்ச் நடுவில் பூட்டிய வகுப்பறைகள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2021 ஜனவரி 19 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில், ஜூலை தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை, பத்தாம் வகுப்புக் கணிதத்தைக் கைப்பேசி வழியாக நடத்த முயன்றபோது என்ன நடந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். ஒரே பள்ளி, ஒரே பிரிவு, ஒரே பாடம் என்பதால் இதை வைத்து மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ பொதுவாக எதையும் நான் சொல்லப்போவதில்லை. என்னிடம் இருக்கும் ஆதாரங்கள் இவைதான்: அன்றாடம் யார் எதை அனுப்பினார்கள், எந்த வரியில் தவறினார்கள் என்று எழுதிவைத்த நூறு பக்க நோட்டு ஒன்று, கைப்பேசியில் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் படங்கள், பள்ளி திறந்த முதல் வாரத்தில் நான் வைத்த சிறு தேர்வின் விடைத்தாள்கள். பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் சொல்லவில்லை.

கைப்பேசி வீட்டில் இருக்கும் நேரம்

ஊரில் பாதிக் குடும்பங்களுக்குக் கடல்தான் தொழில். மற்றவர்களில் பலர் சிப்காட் கம்பெனிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சிலர் பாகூர்ப் பக்கம் வயல்வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள் குறைவு, ஆனால் வீட்டுக்கு ஒன்றுதான், அந்த ஒன்றும் சம்பாதிக்கிறவரோடு கிளம்பிவிடும். விடியற்காலை மூன்று மணிக்குப் படகேறுகிறவர் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். ஷிப்டுக்குப் போகிறவரின் போன் கம்பெனி வாசலில் உள்ள பெட்டியில் கிடக்கும். பகலில் போன் பிள்ளையின் கையில் இருக்க வேண்டுமானால் அன்றைக்கு அப்பாவுக்கு வேலை இல்லை என்று பொருள். இதைத் தெருமுனைக் கடைக்காரரிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். நான் யாரையும் கேட்கவில்லை. பள்ளி நேரம் பத்து மணி என்பதால் இணைய வகுப்பும் பத்து மணி என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் கூகுள் மீட்டில் ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் இருவர் பக்கத்து வீட்டுப் போனில் எட்டிப் பார்த்தவர்கள். "சார், கேக்கல சார்" என்ற குரலும், சமையலறைப் பாத்திர ஓசையும், சுவரில் சாய்த்துவைத்த கரும்பலகையில் என் முதுகுமாகச் சில நாட்கள் ஓடின. மூன்றாவது வாரத்தில் ஐந்து பேராகக் குறைந்தது. வராத ஒரு மாணவனின் வீட்டுக்கு மாலையில் பேசியபோது அவனுடைய அம்மா சொன்னார்: "அவரு கடலுக்குப் போயிருந்தாரு சார், போனும் அவருகூடதான் போச்சு. புள்ள பத்து மணிக்கு வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தான்." அதைக் கேட்ட அன்றோடு நேரலை வகுப்பை நிறுத்தினேன்.

அடுத்து நான் செய்தது, அப்போது பெரும்பாலான ஆசிரியர்கள் செய்ததுதான். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்றே தொடங்கப்பட்டிருந்தது. ஊரடங்கு வந்தபோது அரசுக்கு அது கைகொடுத்தது. அதன் நிகழ்ச்சி நேரத்தை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 2019-இல் வந்த புதிய பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பாடத்துக்குப் பாடம் விரைவுக் குறியீடு (QR) உண்டு. அதைப் படம் பிடித்தால் தீக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் உள்ள காணொளி திறக்கும். அதையும் காட்டிக்கொடுத்தேன். நானே பன்னிரண்டு நிமிடக் காணொளிகள் எடுத்து யூடியூபில் ஏற்றி இணைப்பை அனுப்பினேன். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவை அப்பாவும் அக்காவும் தம்பியும் பங்குபோட்டுக்கொள்ளும் வீட்டில் பன்னிரண்டு நிமிடமும் கணக்குத்தான் என்று பிறகு சுருக்கினேன். குழுவில் நீல டிக் விழுந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நீல டிக்கை வருகைப்பதிவாகவே நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"திர்வு"

ஆகஸ்ட் இறுதியில், இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்க்கும் பகுதியை முடித்துவிட்டு, எக்ஸ் வர்க்கம் − 5 எக்ஸ் − 14 = 0 என்ற கணக்கைக் குழுவில் போட்டு, நோட்டில் செய்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரவு ஒன்பது மணிக்குள் பதினான்கு படங்கள் வந்தன. அதுவரை அப்படி வந்ததே இல்லை. எல்லாருமே (எக்ஸ் − 7)(எக்ஸ் + 2) என்று சரியாகவே பிரித்திருந்தார்கள். எல்லாருமே விடையை −7, 2 என்று எழுதியிருந்தார்கள். சரியான விடை 7, −2.

பதினான்கு பேரும் ஒரே இடத்தில் தவறுவது நடக்கக்கூடியதுதான், அந்த இடம் அப்படிப்பட்டது. ஆனால் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. முதலில் அனுப்பிய மாணவி கடைசி வரியில் "தீர்வு" என்பதற்குப் பதிலாக "திர்வு" என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பின் அனுப்பியவர்களில் ஆறு பேர் நோட்டிலும் "திர்வு". கையெழுத்து ஆறு விதம், குறில் ஒன்றுதான். குழுவில் ஒரு விடை வந்து விழுந்ததும் மற்றவர்களுக்கு அது விடைக்குறிப்பாகிவிடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வகுப்பறையில் பார்த்து எழுதுகிறவனுக்குப் பக்கத்துப் பெஞ்சு மட்டுமே எட்டும். இங்கே மொத்த வகுப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

முதலில் அனுப்பிய மாணவியைக் கூப்பிட்டேன். விடை எப்படி வந்தது என்று கேட்டதற்கு அவள் தயங்கவே இல்லை: "அடைப்புக்குள்ள மைனஸ் ஏழுதானே சார் இருக்கு, அதான் மைனஸ் ஏழு." சரி, அந்த மைனஸ் ஏழை மேலே எக்ஸ் இருக்கிற இடத்தில் போட்டுப் பார் என்றேன். பென்சில் உரசும் ஓசை சற்று நேரம் கேட்டது. நாற்பத்தொன்பது, கூட்டல் முப்பத்தைந்து, கழித்தல் பதினான்கு என்று முணுமுணுத்தாள்.

"எழுபது வருது சார்."

"எவ்வளவு வரணும்?"

"பூஜ்யம்." கொஞ்சம் நிறுத்தி, "அப்போ ப்ளஸ் ஏழா சார்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அதையும் அவளே போட்டுப் பார்த்துவிட்டாள்.

இந்தப் பேச்சு ஏழு நிமிடம் நீடித்தது. என் காணொளியை அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள், அதில் இந்த இடம் தெளிவாகவே விளக்கப்பட்டிருக்கிறது. அடைப்புக்குள் இருக்கும் எண்ணே விடை என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது காணொளிக்குத் தெரியாது. காணொளி எடுத்த எனக்கும் அதுவரை தெரியாது. பெருக்கற்பலன் பூச்சியமானால் இரண்டில் ஒன்றாவது பூச்சியமாக வேண்டும் என்ற வாசகத்தை மனப்பாடமாகச் சொன்னவள்தான் அவள். இரண்டு மாதமாக நான் அனுப்பிய பாடங்கள் எல்லாம் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருந்தன. அங்கிருந்து ஒரு பிழைகூட என்னிடம் திரும்பி வரவில்லை. இந்த ஆய்வில் நான் கண்டதாகச் சொல்ல இருப்பது ஏறத்தாழ இவ்வளவுதான். மற்றவை இதைச் சரிசெய்யப் போன கதை.

மாற்றிய முறை

செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து குழுவில் கணக்கு மட்டும் போகும். விடை என் எண்ணுக்குத் தனியாக வர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே கணக்கு. படத்தோடு ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத குரல் பதிவு ஒன்றையும் அனுப்ப வேண்டும், அதில் எந்த வரியை ஏன் எழுதினார்கள் என்று சொல்ல வேண்டும். நேரம் இரவு ஏழு முதல் ஒன்பது, அதாவது போன் வீடு திரும்பியிருக்கும் நேரம். காணொளியை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தேன்.

நான் திருத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். கைப்பேசியின் படத்தொகுப்பில் படத்தின்மேல் விரலால் கிறுக்க வசதி உண்டு. சிவப்பு நிறத்தைத் தேர்ந்துகொண்டு, பிழை தொடங்கும் வரியை மட்டும் வட்டமிட்டு அப்படியே திருப்பி அனுப்பினேன். தொடக்கத்தில் சரியான விடையையும் எழுதிவந்தேன்; எழுதினால் விடையை மட்டும் திருத்திக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று தெரிந்ததும் வட்டத்தோடு நிறுத்தினேன். விரலால் போட்ட வட்டம் கோணிக்கொண்டு பக்கத்து வரியையும் சேர்த்துப் பிடித்த நாட்கள் உண்டு. அப்படி ஒரு நாள் சரியாக இருந்த வரியை ஒரு மாணவன் அடித்துவிட்டு வேறு எழுதி அனுப்பினான். "சார் வட்டம் போட்டா தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான். அதையும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன்.

குரல் பதிவுகளுக்கு முதல் வாரத்தில் எல்லாரும் கூச்சப்பட்டார்கள். பையன்கள் சிலர் கிசுகிசுத்தார்கள், பின்னணியில் தங்கை சிரிப்பாள். போகப் போக, படத்தைவிட அந்த ஒரு நிமிடமே எனக்கு அதிகம் சொல்லத் தொடங்கியது. பார்த்து எழுதியவன் பேசும்போது இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொள்வான். தெரிந்தவன் தப்பாக எழுதியிருந்தால் பேசிக்கொண்டு போகும்போதே "இருங்க சார், தப்பு" என்று பதிவை நிறுத்திவிடுவான். இரண்டாவது பதிவு சரியாக வரும். இப்படித் தாங்களே நிறுத்திக்கொண்ட பதிவுகளை நோட்டில் நட்சத்திரமிட்டு வைத்தேன், நவம்பரில் அவை கூடியிருந்தன.

இதற்கு நான் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. ஒரு படத்தைத் திறந்து, பதிவைக் கேட்டு, வட்டமிட்டு அனுப்ப நாலு நிமிடம் ஆகும். இருபத்தைந்து பேர் அனுப்பினால் அது நூறு நிமிடம். போனும் டேட்டாவும் என்னுடையவை, கண்ணெரிச்சலும் என்னுடையதுதான். நாலு பிரிவுக்குப் பாடம் எடுக்கிற ஒருவரிடம் இதைச் செய்யச் சொல்ல எனக்கு வாய் வராது. தொலைவழிக் கல்வி ஒரே ஆசிரியரை ஆயிரம் பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று பேசுகிறவர்கள், திரும்பி வரும் ஆயிரம் நோட்டுகளை யார் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலேயே தொலைவழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. அதில் தபாலில் படித்துப் பட்டம் பெற்றவர் இல்லாத தெரு கடலூர் மாவட்டத்தில் அரிது. நான் முதுகலையைத் தபாலில் படித்தது வேறொரு பல்கலைக்கழகத்தில். பாடப்புத்தகக் கட்டு ஒழுங்காக வந்து சேர்ந்தது. நான் எழுதி அனுப்பிய ஒப்படைவுகளில் எங்கே தவறினேன் என்று எழுதி ஒரு தாளும் திரும்பி வரவில்லை. அப்போது அதை ஒரு குறையாக எண்ணவே இல்லை. அதே பழக்கத்தை இருபது ஆண்டுகள் கழித்து வாட்ஸ்அப்பில் என் மாணவர்களிடம் செய்துகொண்டிருந்தேன்.

போன் இல்லாத வீடுகள்

வகுப்பில் ஐந்து வீடுகளில் ஸ்மார்ட்போன் கிடையாது, அல்லது இருந்தும் கெட்டுப்போயிருந்தது. அவற்றில் இரண்டு வீடுகளில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இருந்தது. அந்தத் திட்டம் 2011-இல் தொடங்கியது. ஒன்றில் பேட்டரி செத்துப்போய், சுவரில் மாட்டினால்தான் ஓடும். இணையம் இல்லை, ஆனால் அதனால் குறையொன்றும் இல்லை: காணொளிகளையும், புத்தகத்தின் இணையச் செயல்பாட்டுப் பகுதியில் வரும் ஜியோஜீப்ரா மென்பொருளையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். கைப்பேசியின் சிறு திரையில் நகர்த்தவே முடியாத கோடுகள் மடிக்கணினியில் நன்றாக நகர்ந்தன. இருபடிச் சமன்பாட்டின் வளைகோடான பரவளையம் எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் தீர்வு என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் வகுப்பில் அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள்தான்.

மிச்ச மூன்று பேருக்காகப் பள்ளிக்கூடத் தெரு மளிகைக்கடையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம். வியாழக்கிழமை நோட்டைப் போடுவார்கள், சனிக்கிழமை திருத்தி வைப்பேன். பெட்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட் டப்பா இருந்ததால் நோட்டுகள் எறும்போடு வந்தன. ஜனவரியில் தேர்வு வைத்தபோது, இயற்கணிதத்தில் இந்த மூவரும் தினமும் படம் அனுப்பியவர்களுக்குப் பின்தங்கவில்லை. மூன்று பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும், திருத்தம் இரண்டு நாள் தாமதமாக வந்தது அவர்களைக் கெடுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இணையம் எல்லார் கைக்கும் வராமலே எல்லாருக்கும் பயன்பட்டதற்கு, எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத வீராம்பட்டினம் பழைய எடுத்துக்காட்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள், அங்கே ஒலிபெருக்கியில் தமிழில் வாசிப்பார்கள். கட்டுமரத்துக்காரர் கணினியைத் தொடவே வேண்டியதில்லை. கணினிக்கும் கரைக்கும் நடுவில் ஊரறிந்த ஒருவர் உட்கார்ந்திருந்ததுதான் அதை ஓடவைத்தது. அட்டைப்பெட்டி வைக்கலாம் என்று மளிகைக்கடைக்காரர் சொன்னபோது எனக்கு அந்த ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வந்தது.

புயலும் எல்லையும்

2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். கடல் மூடிக் கிடந்ததால் போன்கள் எல்லாம் வீட்டில் இருந்தன, சார்ஜ்தான் இல்லை. அந்த நாட்களில் நோட்டில் பதிவே கிடையாது.

இன்னொன்றும் நடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், பாகூரில் உள்ள அத்தை பெரியம்மா பிள்ளைகளும் அப்போது இதே தமிழ்நாட்டுப் புத்தகத்தைத்தான் படித்தார்கள். புதுச்சேரியில் அக்டோபரிலேயே சந்தேகம் தீர்த்துக்கொள்ளப் பள்ளிக்கு அழைத்தார்கள். என் மாணவிகள் இருவர் தங்கள் சந்தேகங்களை அத்தை மகளிடம் கொடுத்தனுப்பி, அவளுடைய ஆசிரியர் கரும்பலகையில் போட்டதைப் படமாக வாங்கினார்கள். என்னிடம் அதைச் சொல்லத் தயங்கினார்கள். எனக்கு மகிழ்ச்சிதான்; அந்த ஆசிரியரின் விளக்கம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

ஜனவரியில் தெரிந்தது

பள்ளி திறந்த வாரம் வைத்த தேர்வில் காரணிப்படுத்துதல், தொடர்வரிசைகள், ஆயத்தொலை வடிவியலில் சாய்வு காணுதல் ஆகியவற்றைப் பெரும்பாலோர் தடுமாறாமல் செய்தார்கள். விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கும் வழக்கம் யாரும் சொல்லாமலே தாளின் ஓரங்களில் தெரிந்தது. இதற்கு முந்தைய எந்த வகுப்பிலும் அதை நான் இவ்வளவு பார்த்ததில்லை.

செய்முறை வடிவியல் கவிழ்ந்தது. வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரையும் கணக்கில், படங்களாக எனக்கு வந்தபோது குறை தெரியாமல் இருந்தவை நேரில் பார்த்தபோது வேறாக இருந்தன. பலர் மையக்குத்துக்கோடு போடாமல், தொடுகோட்டைக் கண்ணளவில் வைத்துவிட்டு, வில்லைப் பிறகு வரைந்திருந்தார்கள். ஒருவனுடைய கவராயத்தில் திருகு தேய்ந்து, சுற்றும்போதே கால் விரிந்தது. ஐந்து மாதம் அதை வைத்தே வரைந்திருக்கிறான். எழுத்தில் ஒவ்வொரு படியும் தாளில் தங்குகிறது, ஆகவே படம் அதைக் காட்டிவிடும். வரைதலில் கை போன வரிசை தாளில் தங்குவதில்லை. இதற்குப் பத்து விநாடிக் காணொளியாவது கேட்டிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

நாலு பேர் ஆறு மாதத்தில் ஒரு முறைகூடப் பதில் அனுப்பவில்லை. வீடு தேடிப் போனதில், ஒருவன் அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான், ஒருத்தி முந்திரி உடைக்கும் வேலைக்குப் பண்ருட்டிப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். மற்ற இருவரும் வீட்டிலேயே இருந்தார்கள். ஒருவன் சொன்ன காரணம்: "எழுதினது தப்பா இருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு சார்." விடை தனியாக என்னிடம் மட்டும் வரும் என்று செப்டம்பரில் நான் குழுவில் அறிவித்திருந்தேன். அவன் அதற்கு முன்பே குழுவிலிருந்து வெளியேறியிருந்தான். வெளியேறினார் என்ற சாம்பல் நிற வரியை நான் பார்த்திருக்கிறேன், யார் என்று திறந்து பார்க்கவில்லை.

மதிப்பீட்டுக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண் இல்லை. அந்த ஆண்டு 9, 10, 11-ஆம் வகுப்புகளுக்குத் தேர்வின்றித் தேர்ச்சி என்று பிப்ரவரி 25 அன்று அறிவிப்பு வந்தது. அன்று பிற்பகல் வகுப்பில் கைதட்டல். "திர்வு" எழுதிய மாணவி மட்டும் நோட்டை மூடாமல், அப்போ முக்கோணவியல் நடத்துவீங்களா சார் என்று கேட்டாள். நடத்தினோம், மார்ச்சில் மறுபடி மூடும் வரை.

அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, மாலையில், அந்தந்தத் தெருவின் தன்னார்வலர் நேரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு அது. எங்கள் தெருவில் தன்னார்வலராக வந்தவர் மளிகைக்கடைக்காரரின் மருமகள். அட்டைப்பெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டோம்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருக்கெடுத்து மறுபடி பள்ளி மூடியபோது, அப்போதைய பத்தாம் வகுப்புக்குப் பழைய முறையையே எடுத்தேன். வட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளியும் வைக்கிறேன், வரி மாறிப்போகாமல் இருக்க. வரைகணக்குக்குக் கவராயம் சுற்றும் கையைக் காட்டும் காணொளி கேட்கிறேன். குழுவிலிருந்து யாராவது வெளியேறினால் அன்றைக்கே கூப்பிடுகிறேன்.